நாடாவில் இருப்பதை முதலில் அப்படியே எடுங்கள்

கோவாவின் கடற்கரை விருந்துகளைச் சுற்றி வளர்ந்த எலக்ட்ரானிக் நடன இசையான கோவா டிரான்ஸுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 1990-களின் நடுவில் குறைந்த பிரதிகளாக வெளிவந்து காணாமல் போன இசைத்தட்டுகளும் சிடிக்களும், வெளியாகாமலே டீஜேக்களின் பெட்டிகளில் தங்கிவிட்ட பதிவுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. 2004-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய சன்ட்ரிப் மாதிரியான சிறிய லேபிள்கள் இந்த இசையை விடாமல் உயிரோடு வைத்திருந்ததன் பலன் இது. மகிழ்ச்சிதான். ஆனால் மறுவெளியீடு என்றதும், இன்றைய காதுக்கு ஏற்ப மெருகேற்றியிருக்கிறோம் என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. அந்த மெருகைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் மூன்று வேலைகள்தான் இருக்கும். தொடக்கத்தில் தாளமில்லாமல் மிதக்கும் பகுதியைக் குறைப்பார்கள், கிக் டிரம்மின் அடியைக் கனமாக்குவார்கள், மொத்தச் சத்தத்தையும் கூரை இடிக்கும் அளவுக்கு ஏற்றுவார்கள். என் கட்சி இதுதான்: இந்தப் பதிவுகளைப் பொறுத்தவரை முதல் வேலை, நாடாவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்து, எங்கிருந்து எப்படி எடுத்தோம் என்ற விவரத்தோடு வெளியிடுவது. மெருகு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு, தனிப் பதிப்பாக வரட்டும். கறார்த்தனமாகத் தெரியலாம். இந்த இசை பதிவான விதத்தைப் பார்த்தால் வேறு வழியில்லை என்பது புரியும்.

ராக், ஜாஸ், நம் சினிமாப் பாட்டு என எதை எடுத்துக்கொண்டாலும், பெரிய ஸ்டுடியோக்களில் பதிவானவற்றுக்குப் பல தடங்கள் கொண்ட மூல நாடா இருக்க வாய்ப்புண்டு. குரல் ஒரு தடத்தில், டிரம்ஸ் இன்னொன்றில், கிடார் வேறொன்றில். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் அதைத் திறந்து புதிதாகக் கலக்கலாம். கோவா டிரான்ஸ் பெரும்பாலும் அப்படி உருவாகவில்லை. லண்டனிலோ ஹாம்பர்க்கிலோ டெல் அவீவிலோ வீட்டின் ஓர் அறையில் ஒரு அட்டாரி எஸ்.டி. கணினி இருக்கும். அதில் ஓடும் சீக்வென்சர் மென்பொருள், எந்தச் சுரம் எந்த நொடியில் ஒலிக்கவேண்டும் என்ற மிடி கட்டளைகளை மட்டும் அனுப்பும். ஒலி எதுவும் அதில் இருக்காது. ஒலி வருவது ரோலண்ட் எஸ்.எச்.-101, ஜூனோ-106, டி.பி.-303 மாதிரியான சிந்தசைசர்களிலிருந்தும் ஆகாய் சாம்பிளரிலிருந்தும். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வாசிக்க, இசைஞர் மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்து ஃபில்டர் குமிழ்களைத் திருகியபடியே எட்டு நிமிடப் பாட்டை ஸ்டீரியோவாக நேரே ஒரு டாட் நாடாவில் இறக்கிவிடுவார். அந்தத் திருகல்தான் பாதி இசை. அது எந்தக் கோப்பிலும் சேமிக்கப்படவில்லை. மறுநாள் வேறு பாட்டுக்காக மேசையை மாற்றி அமைத்தால் முந்தைய நாளின் கலவை போனது போனதுதான். ஃப்ளாப்பி டிஸ்க் கிடைத்தாலும் சுரங்கள் மட்டுமே கிடைக்கும். ஆக, மூலம் என்று சொல்ல நம்மிடம் இருப்பது அந்த இரண்டு தட ஸ்டீரியோப் பதிவு ஒன்றுதான்.

அந்த ஒன்றும் மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. டாட் என்பது 1987-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் ஒலி நாடா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், நாலு மில்லிமீட்டர்கூட இல்லாத அகலத்தில் நாடா, சிடியின் தரத்துக்குச் சமமான 16 பிட் ஒலி. வீடியோ கேசட்டைப் போலவே சாய்வாகச் சுழலும் உருளையில் பொருத்திய தலைகள் நாடாவில் குறுக்குக் கோடுகளாக எழுதும். உருளை நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும், ஒரு கோட்டின் அகலம் சுமார் 13.6 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய அனலாக் நாடா கெட்டுப்போகும்போது இரைச்சல் கூடும், கூர்மை மங்கும். பாட்டு மட்டும் தேய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும். டாட் அப்படி எச்சரிக்கை தராது. பிழை திருத்தும் ரீட்-சாலமன் குறியீடு சிறு சேதங்களையெல்லாம் மறைத்துவிடும். சேதம் அதன் சக்தியை மீறியதும் கருவி பக்கத்து மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது ஒலியை அறுத்துவிடும். நேற்றுவரை பழுதில்லாமல் ஒலித்த நாடா இன்று துண்டு துண்டாகக் கேட்பது இதனால்தான். இன்னொரு தலைவலியும் உண்டு. பதிவு செய்த கருவியின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால், அந்த நாடா சரியாகச் சீரமைத்த கருவியில் ஓட மறுக்கும். அதே கோணலோடு இருக்கும் கருவி வேண்டும். சோனி டாட் கருவிகளின் தயாரிப்பை 2005-இல் நிறுத்திவிட்டது. உப்புக்காற்றும் மணலும் ஈரமும் சேர்ந்த ஒரு கடற்கரையில் பல பருவங்கள் அலைந்த நாடாக்களுக்கு, ஓட்டக் கருவியும் இல்லாத காலம் நெருங்குகிறது. எதை வெட்டலாம், எதைக் கனமாக்கலாம் என்ற விவாதம் நடக்கும்போதே மூலம் அழிந்துகொண்டிருக்கிறது.

எடுப்பதிலும் முறை உண்டு. கருவியின் டிஜிட்டல் வாயிலிலிருந்து கணினிக்கு நேரே எடுக்கவேண்டும். அனலாக்காக மாற்றி மறுபடி டிஜிட்டலாக்கினால் வீண் இழப்பு. கணினித் தரவுக் காப்புக்காகச் செய்த டி.டி.எஸ். டிரைவ்களில் சிலவற்றைச் சிறப்பு ஃபர்ம்வேர் போட்டு ஒலி டாட் படிக்க வைக்க முடியும். சிலிக்கன் கிராஃபிக்ஸ் கணினிகளோடு வந்த டிரைவ்கள் இதற்குப் பெயர்போனவை. இவ்வழியில் நாடாவில் உள்ள தரவு கோப்பாகவே வந்துவிடும். நாடா 48 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருந்தால் கோப்பும் 48 ஆகவே இருக்கவேண்டும். (இந்தப் பதிவுகளையே 24 பிட் உயர்தரம் என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள் உண்டு. மாஸ்டரிங் கணக்குகளுக்கு அந்தக் கூடுதல் பிட்டுகள் உதவலாம். நாடாவில் இருந்ததே 16 பிட் என்பதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டாமா? 16 பிட் டிஜிட்டல் மூலத்தைக் கனமான வினைலில் அழுத்தி, அனலாக் கதகதப்பு என்று புகழ்வதையும் இதே வரிசையில் வைக்கலாம்.)

சரி, வெட்டப்படும் அந்த நீண்ட தொடக்கத்துக்கு வருவோம். அஞ்சுனா, வகத்தூர் கடற்கரைகளில் இரவு முழுக்க நடந்த விருந்துகளில் வினைல் தட்டு எடுபடவில்லை. வெயிலில் வளைந்துவிடும், தூசியில் கீறிவிடும், நீண்ட பயணத்துக்குச் சுமை வேறு. அதனால் 1980-களில் கேசட்டுகளும், அடுத்த பத்தாண்டில் டாட்டும் வந்தன. சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து 1970 வாக்கில் வந்து கோவாவிலேயே தங்கி, 2023-இல் இறந்த கோவா கில், மற்றவர்கள் சிடிக்கும் கணினிக்கும் மாறிய பிறகும் டாட்டிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிறிய டாட் கருவிகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. இரண்டு பாட்டின் தாளத்தை ஒன்றாக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போவது வினைல் டீஜேவின் வித்தை. டாட்டில் அது நடக்காது. ஆகவே ஒரு பாட்டின் முடிவும் அடுத்த பாட்டின் தொடக்கமும் தாளமில்லாத மிதக்கும் ஒலியாக இருந்தால்தான் ஒன்றின்மேல் ஒன்றைப் படரவிட முடியும். இசைஞர்களும் அதை மனதில் வைத்தே செய்தார்கள். ஒன்றரை நிமிடம் கிக் வராத அந்தத் தொடக்கம், கருவியின் குறையிலிருந்து பிறந்த ஓர் இசை வடிவம். அதன் பிறகு வரும் முதல் கிக் ஆளை உலுக்குவதற்கும் இந்தக் காத்திருப்புதான் காரணம். வெட்டிவிட்டால் மிஞ்சுவது நிமிடத்துக்கு 145 அடி ஓடும் இன்னொரு நடனப் பாட்டு. அப்படிப்பட்டவை இன்று கணக்கில்லாமல் கிடைக்கின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. கோவாவின் மரபே வெட்டி ஒட்டும் மரபுதானே என்று கேட்கலாம். உண்மைதான். கோவா டிரான்ஸ் என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1980-களில், ஃபிரெஞ்சுக்காரரான டீஜே லாரன் முதலானவர்கள் ஐரோப்பிய எலக்ட்ரானிக் தட்டுகளைக் கேசட்டில் ஏற்றி, பாடும் குரல்களை வெட்டித் தள்ளி, இசைப்பகுதியை மட்டும் நீட்டி ஒட்டி வாசித்தார்கள். ஃப்ரண்ட் 242, கேபரே வால்ட்டேர் குழுக்களின் பாட்டுகள் அவர்கள் கையில் வேறொன்றாக மாறின. மூலத்தை மதிக்காததால் பிறந்த இசைக்கு மூலத்தை மதி என்று உபதேசிப்பது முரண்தான் என்று தோன்றும். ஆனால் அவர்கள் வெட்டியது பிரதிகளை. அந்தத் தட்டுகளின் மூலம் பிரஸ்ஸல்ஸிலோ ஷெஃபீல்டிலோ பத்திரமாக இருந்தது. கடையில் போனால் வெட்டாத பாட்டு கிடைத்தது. இன்று ஒரு வெளிவராத டாட்டை எடுத்து, வெட்டிய வடிவத்தை மட்டும் உலகுக்குத் தந்துவிட்டு நாடாவை அப்படியே மக்கவிட்டால், வெட்டாத வடிவம் எங்குமே இல்லாமல் போகும். செயல் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. வெட்டாத வடிவம் ஒருமுறை பொதுவில் வந்துவிட்டால், அதை எடுத்து யார் எப்படி அறுத்து ஒட்டினாலும் நான் கைதட்டுவேன். கோவாவின் மரபுக்கு அதுவே ஏற்றது.

சத்தத்தைப் பற்றிய மறுப்பு நடைமுறையைச் சேர்ந்தது. கோவா டிரான்ஸின் வாரிசான இன்றைய சைட்ரான்ஸ் பாட்டுகளுக்கு நடுவே 1995-ஆம் ஆண்டுப் பதிவைப் போட்டால் அது மெலிந்து கேட்கிறது, ஆடுகிறவர்கள் கலைந்துவிடுவார்கள், அதனால் ஏற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள் டீஜேக்கள். மேடைக்கு இது சரியாக இருக்கலாம். வீட்டில் ஸ்ட்ரீமிங்கில் கேட்பவருக்கு இது பொருந்தாது. ஒலியின் உரப்பை அளக்க ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர் 128 பரிந்துரையை வெளியிட்டது. அதன் அடிப்படையான அளவுமுறையைக் கொண்டு இன்று ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் உரத்த பாட்டுகளைத் தாமே தணித்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். லிமிட்டரை வைத்து நசுக்கி ஏற்றிய பாட்டும், மூச்சுவிட இடமுள்ள பழைய பாட்டும் அங்கே ஒரே உரப்பில்தான் வந்து நிற்கும். ஏற்றியதன் ஆதாயம் போய்விடும், நசுக்கியதன் நஷ்டம் மட்டும் தங்கும். கோவா டிரான்ஸில் அது பெரிய நஷ்டம். ஹாலூசினோஜென் என்ற பெயரில் சைமன் போஸ்ஃபோர்ட் 1995-இல் வெளியிட்ட ட்விஸ்டட் ஆல்பத்தையோ, பிளேயடியன்ஸ் குழுவின் 1997-ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஓ. ஆல்பத்தையோ கவனித்துக் கேட்டால், பாட்டு அடுக்கு அடுக்காக ஏறுவது தெரியும். நான்காவது நிமிடத்தில் ஒரு புது வரி நுழையும்போது ஒட்டுமொத்த ஒலியும் ஒரு படி உயரவேண்டும். எல்லாவற்றையும் ஏற்கெனவே உச்சியில் வைத்துவிட்டால் உயர இடம் ஏது? மேடைக்கு வேண்டுமானால் டீஜே பதிப்பு என்று பெயர் போட்டு உரத்த ஒன்றைத் தனியாகத் தரட்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. கலந்த ஒலியைத் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டரை டீசர் நிறுவனம் 2019-இல் இலவசமாக வெளியிட்டது. பிறகு இன்னும் நல்ல மென்பொருள்கள் வந்தன. அப்படியானால் பழைய ஸ்டீரியோவைப் பிரித்து, மெலிந்த கிக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாமே! இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்ற பிரிவினையில் பழக்கப்பட்டவை. பாப் பாட்டுக்கு வசதியான பிரிவினை. கோவா டிரான்ஸில் குரலே அரிது, ‘மற்றவை’ என்ற பெட்டிக்குள்தான் முக்கால்வாசி இசை இருக்கிறது. போதாததற்கு, ஃபில்டரைத் திறந்து மூடும் ஓர் ஆசிட் சிந்தசைசர் வரி பேஸில் தொடங்கி உச்ச அலைவரிசைவரை ஒரே மூச்சில் ஏறிப்போகும். அது எந்தப் பெட்டி? மென்பொருள் அதைப் பாதியில் அறுத்து இரண்டில் போடும். கேட்டுப் பார்க்க வேடிக்கையாக இருக்கும், மறுக்கவில்லை. அது மென்பொருளின் ஊகம் என்பதை அட்டையில் சொல்லிவிட்டால் போதும்.

இவ்வளவு பாடு படும் அளவுக்கு இதெல்லாம் நல்ல இசையா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. 1996, 1997 வாக்கில் இந்த இசை ஐரோப்பாவில் சூடுபிடித்தபோது தொகுப்பு சிடிக்கள் மழைபோல் கொட்டின. அவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தவை. வெளியாகாமல் கிடந்தவற்றில் சில, வெளியிடத் தகுதியில்லை என்பதாலேயே கிடந்திருக்கும். அரிதாக இருப்பதும் அருமையாக இருப்பதும் ஒன்றென்று நினைக்கவைப்பது டிஸ்காக்ஸ் தளத்தின் விலைப்பட்டியல்தான். ஆனால் எது தேறும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க நம்மை நம்ப முடியாது. சரண்ஜித் சிங்கைப் பாருங்கள். பம்பாய் சினிமா இசையில் வாசித்துக்கொண்டிருந்த அவர், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில், ரோலண்ட் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜூப்பிட்டர்-8 கருவிகளை வைத்து எச்.எம்.வி.க்காகப் பதிவு செய்தார். யாரும் கவனிக்கவில்லை. டச்சுக்காரரான எடோ பௌமன் 2002-இல் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து, 2010-இல் பாம்பே கனெக்ஷன் லேபிளில் மறுவெளியீடு செய்ததும் உலகமே வியந்தது. சிகாகோவிலிருந்து ஆசிட் ஹவுஸ் தட்டுகள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே கருவியிலிருந்து கிட்டத்தட்ட அதே ஒலி! 2015-இல் இறப்பதற்கு முன் சிங் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசிக்கவும் செய்தார். 1983-இல் யாராவது உட்கார்ந்து தேறியது தேறாதது என்று பிரித்திருந்தால் இந்தத் தட்டு முதலில் குப்பைக்குப் போயிருக்கும். இதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது: மறுவெளியீட்டுக்குப் பிறகு ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் சிங் என்றே எழுதத் தொடங்கிவிட்டார்கள். சிகாகோக்காரர்கள் அவர் தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இருவர் கைக்குப் போனது, அவ்வளவுதான். அது போதாதென்று நினைப்பவர்களுக்காகவே விவரக்குறிப்பு அவசியமாகிறது.

கோவா டிரான்ஸ் மறுவெளியீடுகளில் இதைவிடப் பெரிய புனைவு ஒன்று அட்டையிலேயே இருக்கும்: ஓம், சிவன், தாமரை. இந்த இசையைச் செய்தவர்களில் கோவாக்காரர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும். டிராகன்ஃப்ளை லேபிளை நடத்தியவர் கில்லிங் ஜோக் குழுவின் மார்ட்டின் குளோவர். டிப் ரெக்கார்ட்ஸை மற்ற இருவரோடு தொடங்கிய ராஜா ராம், 1969 வாக்கில் லண்டனில் புல்லாங்குழல் வாசித்த ஓர் ஆஸ்திரேலியர். மட்சுரி லேபிளின் சுயோஷி சுசுகி லண்டனில் இயங்கிய ஜப்பானியர். ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன் குழுவினர் இஸ்ரேலியர்கள். கோவா இவர்களுக்கு விருந்து நடந்த இடம், பலருக்கு உந்துதலும்கூட. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அது உறங்கவிடாத இரவுகளாகவும் இருந்தது. இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதை 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியபோது, விடியவிடிய நடந்த விருந்துகளின் காலம் கிட்டத்தட்ட முடிந்தது. மறுவெளியீட்டுப் புத்தகத்தில் ஆன்மிகம் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர்கள், பாட்டு எந்த ஊரில், எந்த மேசையில் கலக்கப்பட்டது என்று நாலு வரி சேர்க்கலாம்.

இந்த விவரம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இன்னொரு காரணம், இணையத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பிரதிகள். ரசிகர்கள் ஏற்றிவைத்திருக்காவிட்டால் பல பாட்டுகள் இருந்த சுவடே தெரிந்திருக்காது; அந்த நன்றியை மறக்கக்கூடாது. ஆனால் டாட்டிலிருந்து மினிடிஸ்க், அதிலிருந்து எம்பி3 என்று இறங்கி வந்த பிரதி, ஒவ்வொரு படியிலும் நிரந்தரமாக எதையோ இழந்திருக்கும். பெயர்களும் குழம்பியிருக்கும், டாட் அட்டையில் பேனாவால் எழுதிய பாதிப் பெயர், ஊகமாகச் சேர்த்த இசைஞர் பெயர். அப்படியொரு கோப்பை வாங்கி மெருகேற்றி, நாடாவிலிருந்து எடுத்ததுபோல விற்றால் கண்டுபிடிக்க ஆளில்லை. உரிமைப் பக்கமும் சிக்கல்தான். ப்ளூ ரூம், மட்சுரி, ஃப்ளையிங் ரைனோ லேபிள்கள் எல்லாம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒப்பந்தங்கள் யார் கைக்குப் போயின என்று தேடுவதே பெரிய வேலை. பழைய சினிமா வசனங்களை அனுமதி கேட்காமல் சாம்பிள் செய்த பாட்டுகள் ஏராளம். அந்த வசனத்தை நீக்கித்தான் வெளியிட முடியும் என்றால் நீக்கட்டும்; எந்த நொடியில் எதை நீக்கினோம் என்று குறிப்பிட்டால் போதும்.

கடைசியாக, தன் பழைய பாட்டு வெளிவருவதையே விரும்பாத இசைஞர். இவர் சொல் செல்லும், இதில் இரண்டு பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் டாட் என்பது டீஜேக்களுக்குள் கைமாறிய நட்பு. எனக்கு நீ, உனக்கு நான் என்று கொடுத்துக்கொண்டவை, வேறெங்கும் ஒலிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடும் கொடுக்கப்பட்டவை. செய்தவரிடமே இன்று பிரதி இல்லாமல், யாரோ ஒரு டீஜேயின் பரணில் மட்டும் அது இருக்கக்கூடும். அந்த டீஜே நாடாவை இப்போதே, கருவி ஓடும்போதே, கோப்பாக எடுத்து முதல் பிரதியைச் செய்தவருக்கு அனுப்பவேண்டும். வெளியிடலாமா, வெட்டலாமா, உரக்க ஏற்றலாமா என்ற கேள்விகளை அவர் ஐந்து வருடம் யோசித்துப் பதில் சொன்னாலும் கேடில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தை நாடாவின் பொறுப்பில் விடமுடியாது.